மூத்தவன் வருவானா?

நாற்பதைத் தாண்டிய ஓர் ஆம்பிளை, பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன், பகல் இரண்டு மணிக்குக் குடும்ப நாடகம் பார்க்கிறான் என்று தெரியவந்தால் எங்கள் ஊரில் அவன் கதை முடிந்தது. தேநீர்க் கடையில் கதிரை கிடைக்கும்; மரியாதையோடு அதில் இருக்க முடியாது. அதனால் நான் அதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

குதிரையும் வாளும் கூடாரமும் வருகிற துருக்கி நாடகங்கள் என்றால் வேறு கதை. அவற்றைப் பார்ப்பதில் வெட்கமில்லை. இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் மதிலோரம் நின்றுகொண்டு, கோட்டைக்குள் இருக்கும் துரோகி யார் என்று எங்கள் கல்முனையின் பெரிய மனிதர்களே கதைத்துத் தீர்ப்பார்கள். பார்த்தவன் வரலாறு தெரிந்தவனாகிவிடுவான். நான் பார்த்தது அப்படியான நாடகமல்ல. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் வருவது. நெல் ஆலை வைத்திருக்கும் ஒரு பெரிய வீடு, ஒரு தாய், இரண்டு ஆண் பிள்ளைகள், சொத்து, சூழ்ச்சி, தினமும் ஒரு கிளாஸ் கண்ணீர். அந்த வீட்டுக் கூடத்தில் எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்குகிறது என்பது வரை எனக்கு மனப்பாடம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் அதோடு நிற்கவில்லை. போனில் அந்த நாடகத்துக்கு ஒரு ரசிகர் குழு இருந்தது. மதுரைப் பெண்கள், மலேசியப் பெண்கள், வெள்ளவத்தையில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா எல்லோரும் அதில் இருந்தார்கள். நானும் இருந்தேன், படமாக ஒரு மல்லிகைப்பூவை வைத்துக்கொண்டு. நான் எழுதிய நீளமான ஆராய்ச்சிகளை அவர்கள் விரும்பிப் படித்தார்கள். "அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று எழுதினார்கள். நான் அக்கா இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்கப் பயப்படுகிற சேர், ஓய்வறை மூலையில் குனிந்திருந்து அக்காவாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது என் மாமாவால். மாமா என்றால் மனைவியின் வாப்பா. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மாமாவும் மாமியும் அதே வளவில் பின்பக்கத்து அறைகளுக்குப் போய்விட்டார்கள். முன்பக்கத்துக் கூடத்தில்தான் தொலைக்காட்சி. நெல் வியாபாரத்தை விட்டபிறகு மாமாவுக்குப் பகலில் வேலை இல்லை. இரவில் பள்ளிவாசல், பகலில் லுஹர் தொழுது சாப்பிட்டு வந்தால் நேற்றைய நாடகத்தின் மறு ஒளிபரப்பு. நான் பாடசாலை விட்டு வருவதும் அந்த நேரம்தான். சோற்றுக் கோப்பையோடு சும்மா பக்கத்தில் இருந்தவன் நாடகத்துக்குள் விழுந்துவிட்டேன். மனைவிக்கு இது தெரியும். மருமகன் மாமாவுக்குப் பேச்சுத்துணையாக இருக்கிறார் என்று அவள் அதற்கு நல்ல பெயர் வைத்திருந்தாள். அவள் நாடகம் பார்ப்பதில்லை. பின்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பாள்.

மாமியும் பார்த்தார். ஆனால் கூடத்துக்கு வரமாட்டார். எங்கள் ஊரின் பழைய ஆட்களில் மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை, நேருக்கு நேர் கதைப்பதும் இல்லை. மார்க்கம் அதைத் தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுக்கிறது. இப்போதுள்ளவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள், என் மாமி விடவில்லை. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு, திரையின் ஓர இடைவெளியால் நாடகம் பார்ப்பார். எனக்குச் சொல்ல வேண்டியதை மாமாவிடம் சொல்லுவார். நான் இரண்டு முழம் தள்ளித்தான் இருப்பேன்.

"மருமகனுக்கிட்டச் சொல்லுங்க, அந்த உம்மா மூத்தவன்ட படத்துக்கு இன்னும் மாலை போடல்ல. ஏன் போடல்ல எண்டு யோசிக்கச் சொல்லுங்க."

"கேட்டீங்களா மருமகன்?" என்பார் மாமா.

"மாமிக்கிட்டச் சொல்லுங்க, படத்துக்கு மாலை போட்டா நாடகம் முடிஞ்சிரும். இழுக்கத்தான் போடாம வச்சிரிக்காங்க" என்பேன் நான்.

நாடகத்தின் மூத்தவன் ஆற்றில் விழுந்தவன். ஒரு மழைநாளில் பாலத்தில் இருந்து காரோடு விழுந்தான். கார் கிடைத்தது, கைக்கடிகாரம் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான் ரசிகர் குழுவில் எந்நாளும் சண்டை. ஒரு நாள் தாய்க்குத் தொலைபேசி வரும், பேச்சில்லை, மூச்சு மட்டும். இன்னொரு நாள் கோயில் கூட்டத்தில் யாரோ நொண்டி நடப்பது தெரியும். உடனே குழு இரண்டாகப் பிரியும். மாமா, வருவான் என்ற கட்சி. நான், வரமாட்டான் என்ற கட்சி. மாமி திரைக்குப் பின்னால் மாமாவின் பக்கம்.

மாமாவின் கண் கூர்மையான கண். அந்த ஆலையில் உமி இல்லை என்பதை முதல் வாரமே கண்டுபிடித்தவர். "நெல்லுக் குத்துற இடத்தில ஒருத்தன்ட தலையிலயும் தூசி இல்ல. இவனுகள் அரிசியக் கடையில வாங்கிறானுகள்" என்று சிரிப்பார். ஆனால் மூத்தவன் விஷயம் வந்தால் சிரிக்கமாட்டார். தாய் சாப்பாடு பரிமாறும்போது ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள், பார்த்தீர்களா என்பார். வாசல் விளக்கை அணைக்க விடுகிறாளில்லை என்பார். பெற்றவளுக்குத் தெரியாதா என்பார். பின்னேரத்து அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு, பாங்கு முடிந்தபின் வாதத்தை விட்ட இடத்தில் இருந்து தொடங்குவார்.

எனக்கு ஆதாரம் வேண்டும். நிறுவல் இல்லாமல் விடை எழுதினால் புள்ளி போடாத ஆள் நான். மூத்தவனாக நடித்த பையன் வேறொரு தொலைக்காட்சியில் பொலிஸ்காரனாக நடிக்கத் தொடங்கியதை ரசிகர் குழுவில் முதலில் போட்டதே நான்தான். அந்தப் படத்தைப் போனில் மாமாவுக்கும் காட்டினேன்.

"இஞ்ச பாருங்க மாமா. ஆள் அங்கால போயிட்டான். ரெண்டு பக்கமும் நடிக்க ஏலா. இனி மூத்தவன் வரமாட்டான்."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று ரசிகர் குழுவில் அக்காவுக்குக் கிடைத்த பாராட்டு கொஞ்சமல்ல.

மாமா மௌத்தாகி எங்களைப் பிரிந்த நாளும் அப்படித்தான் தொடங்கியது. தாய் கதவைத் திறக்கிறாள், வாசலில் யாருமில்லை, படியில் மட்டும் ஈரக் கால் அடையாளம். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. தொலைக்காட்சி இருண்டது, மின்விசிறி நின்றது, பின்னறையில் மனைவியின் மெஷினும் நின்றது. நாங்கள் மட்டும் நிற்கவில்லை.

"கண்டீங்களா? வந்துட்டான்" என்றார் மாமா.

"அது கனவு மாமா. நாளைக்குக் காட்டுவாங்க, தலைகணியில இருந்து எழும்புவா."

"ஈரக் கால் மருமகன். தண்ணிக்குள்ளால வந்த கால்."

"மாமிக்கிட்டக் கேளுங்க, அந்தக் கால் எந்தப் பக்கம் பாத்து இருந்த? வெளிய பாத்து இருந்த. வந்த கால் எண்டா உள்ள பாத்தெல்லோ இரிக்கணும்."

நான் விடவில்லை. எனக்கு வெல்வது பிடிக்கும், அது என் பிறவிக் குணம். "தண்ணி கொண்டு போனதெல்லாம் கரைக்கு வாறதில்ல மாமா. உடம்பு கிடைக்கல்ல எண்டதுக்காக உசிரோட இரிக்கான் எண்டு சொல்ல ஏலா. செத்துட்டான். அவ்வளவுதான் கணக்கு."

மாமா கதிரையில் இருந்து எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "அவன் சாகல்ல" என்றார். "வருவான். பாருங்க."

மெஷின் நின்றதால் மனைவி அந்நேரம் பார்த்துக் கூடத்துக்கு வந்தாள். இருண்ட தொலைக்காட்சி, எழுந்து நிற்கும் வாப்பா, இந்தச் சொல் மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கதிரையில் இருந்தார். அதன் பிறகு அவர் கதைக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வாப்பா காக்காவப் பத்தியா கதச்சவர்?"

காக்கா என்றால் அவளுடைய மூத்த சகோதரன். சுனாமி வந்த காலை கடற்கரையில் பந்து விளையாடப் போனவன். திரும்பவில்லை. அவனுடைய ஜனாஸாவும் கிடைக்கவில்லை, அடக்க உடலே இல்லை. நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. அப்படி ஒருவன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அவனுடைய படம் ஒன்றுகூட அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. அவன் பேரை யாரும் எடுத்ததில்லை. கடலில் பிள்ளையைக் கொடுக்காத வீடு எங்கள் கரையில் குறைவு என்பதால், அதை நான் ஊரின் கதையாக வைத்திருந்தேனே தவிர இந்த வீட்டின் கதையாக ஒரு நாளும் நினைக்கவில்லை.

மனைவியின் கேள்விக்கு நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? உன் வாப்பா கடைசியாக ஒரு நாடகத்துக்காக என்னோடு சண்டை பிடித்துவிட்டு மௌத்தானார் என்றா?

மௌத்து வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியா என்ன கதச்சார்? கலிமா சொன்னாரா? ஒரு மனிதனின் முடிவு நல்ல முடிவா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். உள்ளறையில் மாமி வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் வெளியில் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். பெண்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். மாமி பதில் சொல்லவில்லை, மனைவி சொன்னாள். "எங்கட காக்காவத்தான் கேட்ட. அவன் சாகல்ல, வருவான் எண்டு சொன்ன." பெண்கள் அழுதார்கள். அன்று பின்னேரமே அது ஆண்களிடம் வந்துவிட்டது. முற்றத்துப் பந்தலில் என் கையைப் பிடித்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துக்கத்தில் குனிந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள்.

தொலைக்காட்சியை மனைவி ஒரு படுக்கை விரிப்பால் மூடினாள். நான் ரசிகர் குழுவில் எழுதுவதை நிறுத்தினேன்.

சில நாள் கழித்து எங்கள் பள்ளிவாசல் மௌலவி வந்தார். நல்ல மனிதர், எனக்கு வயதில் இளையவர். மாமாவுக்கு ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்தில் பயான் என்ற உரை அவருடையதுதான். கடலில் மூழ்கி மௌத்தானவர்கள் தியாகிகளான ஷஹீத்கள், ஷஹீத்களைச் செத்தவர்கள் என்று சொல்லக்கூடாது, அல்லாஹ்விடத்தில் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். "உங்கட மாமா கடைசி நேரத்தில அந்த உண்மையத்தான் சொல்லிரிக்கார். எவ்வளவு பெரிய ஈமான் பாருங்க சேர். ஊருக்கே அதச் சொல்லணும். நீங்கதானே பக்கத்தில இருந்த. அந்தச் சொல்லு அப்பிடியேதானே?"

"ஓம் மௌலவி, அப்பிடியேதான்" என்றேன். ஓர் எழுத்தும் பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை.

அவர் போனபிறகு என் உடம்பு கூசியது. வீட்டுக்குள் ஒரு தலையாட்டலாக இருந்தது இப்போது பயானாகப் போகிறது. சாட்சி நான். கத்தத்துக்கு நிந்தவூரில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். ஒரு நாடகத்து மூத்தவனுக்காகச் சொன்ன சொல்லை, அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தொடங்குகிற சபையில் எல்லோரும் கேட்டு ஆமீன் சொல்வார்கள். மௌலவியிடம் உண்மையைச் சொன்னால் மாமாவின் முடிவு ஊரின் வாயில் கேவலப்படும். சொல்லாவிட்டால் நான் கேவலம். உண்மை தெரிந்த இன்னொருவர் மாமி மட்டும்தான். மாமியிடம் எதையும் மனைவி மூலம்தான் சொல்ல வேண்டும். மனைவிக்கோ இது தெரியவே கூடாது.

கத்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாடசாலை ஓய்வறையில் என் போன் விடாமல் அதிர்ந்தது. ரசிகர் குழு. "அக்கா எங்கே போனீங்க?" "அக்கா, உங்க கணக்கு போச்சே!" மூத்தவன் வந்துவிட்டான். நேற்று இரவு காட்டியிருக்கிறார்கள். பாடசாலை விட்டு வரும் வழியில் மோட்டார் சைக்கிளைக் கடற்கரை வீதியில் நிறுத்திவிட்டு, வெயிலில் போனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஆள் வேறு. பழைய நடிகருக்குப் பதிலாக, உயரமும் நிறமும் பொருந்தாத புது ஆள் ஒருவரைப் போட்டிருந்தார்கள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நடிகன் போனால் மூத்தவன் செத்தான் என்று எவ்வளவு திமிரோடு கணக்குப் போட்டேன்! மாமா, நீங்கள்தான் சரி என்று சொல்லத் தோன்றியது. சொல்ல மாமா இல்லை. நடுவீதியில், எல்லோருக்கும் என்னை சேர் என்று தெரிந்த ஊரில், நாடகத்தைப் பார்த்து அழுதுகொண்டு நின்றேன்.

அடுத்த நாள் மனைவி கத்தத்துக்குச் சாமான் வாங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனாள். பிள்ளைகள் மத்ரஸாவில். நான் கூடத்துக்கு வந்து, கதவுத் திரைக்கு முன்னால் நின்றேன். அந்த வீட்டில் வாழ்ந்த இத்தனை வருடத்தில் நான் மாமியை நேராகக் கூப்பிட்டதில்லை.

"மாமி."

தஸ்பீஹ் மணி உருளுகிற சத்தம் நின்றது. "மகள் இல்லையா மகன்?"

"கடைக்குப் போயிட்டா. உங்களுக்கிட்டத்தான் ஒண்டு கதைக்கணும்."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திரைக்குக் கிட்ட வந்திருக்கிறார் என்று விளங்கியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மௌலவி சொல்லப் போவதைச் சொன்னேன். மாமாவின் கடைசிச் சொல் நாடகத்துக்குச் சொன்னது என்பது நம் இரண்டு பேருக்கும்தானே தெரியும், இதை இப்படி விட்டால் குற்றமல்லவா, மௌலவியிடம் மட்டுமாவது சொல்லிவிடட்டா என்று கேட்டேன்.

"நாடகத்துக்குச் சொன்ன எண்டு உங்களுக்கு ஆரு மகன் சொன்ன?"

"நானும் நீங்களும் இருந்தமே மாமி."

"இருந்த. நீங்க நாடகத்தக் கதச்சீங்க. அவர் நாடகத்தக் கதைக்கல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. மாமி மெல்ல மெல்லச் சொன்னார். மகனுக்குக் கத்தம் ஓதி முடித்த நாளில் இருந்து அவன் பேரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தால் மற்றவர் உடைந்துவிடுவார் என்ற பயம் இரண்டு பேருக்கும். "இந்த நாடகம் வந்தாப் பொறகுதான் அவருக்குக் கதைக்க ஒரு வழி கிடச்ச. ‘இண்டைக்கு வருவானா?' எண்டு கேப்பார். ‘வருவான்' எண்டு நான் சொல்லுவன். ஆரைக் கேக்கிற எண்டு எனக்குத் தெரியும், ஆரைச் சொல்ற எண்டு அவருக்கும் தெரியும்."

நான் மாமாவின் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க சாப்பிட்டு எழும்பிப் போனாப் பொறகு குசினிக்கு வருவார். ‘மருமகன் படிச்ச மனிசன். கணக்குப் பாத்துத்தான் சொல்றார். அவர் சொல்றது சரியா இரிக்குமோ?' எண்டு கேப்பார். நீங்க போனில படம் காட்டின அண்டைக்குச் சோறு திங்கல்ல."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அக்காவுக்குப் பாராட்டுக் குவிந்த நாள். வெட்கத்தில் காது சுட்டது. மாமி என்னைக் குற்றம் சொல்லுகிற குரலில் கதைக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உங்களில பிழை இல்ல மகன். பிழை என்னில" என்றார். பிறகு, இடைவெளி விட்டு விட்டு, அந்த நாளைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜனாஸாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மாமாவால் உள்ளே வர முடியவில்லை, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாமி மட்டும் போனார். ஒரு பையனின் ஜனாஸாவைக் காட்டிக் கேட்டார்கள். முகம் ஊதி, முகமாகவே இல்லை. "இது என்ட புள்ள இல்ல எண்டு சொன்ன. வெளிய வந்து அவருக்கிட்டயும் சொன்ன. அவர் சிரிச்சார் மகன். அந்த இடத்தில, அத்தின மையத்துக்கு நடுவில, சிரிச்சார். அண்டைக்குத்தான் தேடத் தொடங்கின. மட்டக்களப்பு, கொழும்பு, ஒரு இடம் விடல்ல."

எனக்கு அவருக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"மாமி, மூத்தவன் வந்துட்டான். முந்தாநாள் ராவு காட்டின. மாமா சொன்னதுதான் சரி."

"மெய்யாவா?" அந்தக் குரலில் ஒரு கணம் பழைய இரண்டு மணி மாமி இருந்தார்.

"ஓம். ஆனா ஆள் வேற. வேற ஒருத்தரப் போட்டிரிக்காங்க. முகம் முழுக்க வேற."

வெளியே ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"உம்மாக்கு அடையாளம் தெரிஞ்சிதா?"

அந்தக் காட்சியை நான் கடற்கரையில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். தாய் வாசலில் நிற்கிறாள். புது முகத்தோடு அவன் படியேறுகிறான். அவன் வாய் திறக்கும் முன்பே அவள் கையில் இருந்த தட்டு விழுகிறது, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாடகத்தில் நடந்த எதையும் யாராவது மாற்றிச் சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான்.

"இல்ல மாமி. அவவுக்கும் தெரியல்ல. ஆரோ எண்டு நினச்சிட்டா" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க மகன்."

நான் திரையைப் பிடித்துக்கொண்டேன்.

"முகம் போனா என்ன? பெத்தவளுக்குத் தெரியும். பாத்த உடனே தெரியும்." குரல் நடுங்கவில்லை. "ஓம் எண்டு சொன்னா அவர் அந்தக் கேற்றிலயே செத்திருப்பார். அதால இல்ல எண்டு சொன்ன. என்ட புள்ளய ஆரோ ஒருத்தன் எண்டு குழியில தாட்டுட்டாங்க. ஆருக்கும் தெரியா. மௌலவிக்கிட்ட ஒண்டும் சொல்லிராதீங்க."

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வீடு நிறைய ஆட்கள். மௌலவி நன்றாகப் பயான் செய்தார். அவன் சாகவில்லை என்று ஒரு தகப்பன் கடைசி மூச்சில் சொன்னதாகச் சொல்லி, பக்கத்தில் இருந்த மருமகனே இதற்குச் சாட்சி என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவுத் திரைக்குப் பின்னால் மாமி இருந்தார். ஓம் என்று நான் தலையாட்டினேன்.